ஞாயிறும் ஓயாத தாய்

புலம்பெயர்ந்த தாய்க்கு ஓய்வுநாள் ஏது, நேயர்களே? சனிக்கிழமை பிள்ளைகளைத் தமிழ் வகுப்புக்கும் நடன வகுப்புக்கும் கூட்டிச்செல்ல வேண்டும். ஞாயிறென்றால் பிறந்தநாள், அல்லது சாமத்தியச் சடங்கு. போகாவிட்டால் நாளை தன் வீட்டுக்கு யார் வருவார்? 1983 கலவரத்துக்குப்பின் சிதறிய குடும்பங்கள் அவை. வெள்ளவத்தையில் பிள்ளையைப் பார்க்க அம்மம்மா இருந்தார். அங்கே விருந்துக்கு வருவோரே சுற்றம். இதை வீண் ஆடம்பரம் என்று இங்கிருந்து சொல்வது நியாயமன்று. ஆனால் அவ்விருந்துகளில் அவள் பரிமாறுவாள், சிரிப்பாள். தன் களைப்பைச் சொல்லமாட்டாள். 1990இல் ஜேர்மனியில் தமிழ்ப் பெண்கள் தொடங்கிய ‘பெண்கள் சந்திப்பு’ அதற்கும் இடமளித்தது. பின்னர் வேறு நாடுகளிலும் கூடியது. வீட்டுவேலை, சீதனம், போர் யாவும் பேசப்பட்டன. அச்சந்திப்பு வெளியிட்ட மலர்களில் பெண்கள் தாமே எழுதினார்கள்.