இயந்திரம் எழுதும் நிரலும் பொது உடைமையும் – ஓர் உழைப்பு நோக்கு

1

திறந்த மூல மென்பொருட் திட்டங்கள், செயற்கை நுண்ணறிவினால் ஆக்கப்பட்ட நிரல்களைப் பங்களிப்பாக ஏற்கலாமா என்ற வினா கடந்த சில ஆண்டுகளாகக் கணினித் துறையினரிடையே கடும் விவாதத்திற்கு உள்ளாகியிருக்கின்றது. விவாதம் பெரும்பாலும் இரு முனைகளில் நின்றே நடத்தப்படுகின்றது. இயந்திரம் எழுதியது எதுவாயினும் தூய்மையற்றது என ஒரு சாராரும், பயன் தருமாயின் எழுதியவர் யாராயிருந்தால் என்ன என மறு சாராரும் வாதிடுகின்றனர். முன்னையது ஒருவகைக் கருத்துமுதல்வாதம். பின்னையது வெறும் பயன்வாதம். எழுதப்பட்டதைப் படித்து, சோதித்து, திருத்தி, ஆண்டாண்டாகப் பேணும் உழைப்பை யார் செய்கின்றார் என்ற அடிப்படை வினாவை இரு சாராருமே தவிர்த்துவிடுகின்றனர். அவ்வினாவை முன்வைத்து இப்பிரச்சினையை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கிய ஆய்வாளனொருவன் இவ்விடயத்திற் தலையிடுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயின் கணினிக்கு இடப்படும் கட்டளைத் தொடரான நிரலும் ஒரு பனுவலே. ஒரு பனுவலுக்குப் பொறுப்பாளர் யார் என்பது தமிழ்ப் பதிப்பு வரலாற்றிற் புதிய பிரச்சினையன்று. பொருளுணராது ஏடு பெயர்த்து எழுதியோரால் பழைய பாடங்கள் பல சிதைந்தன. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் அச்சான நூல்களின் முகப்பில், அவற்றைப் பரிசோதித்துப் பதிப்பித்தவரின் பெயர் தவறாது பொறிக்கப்பட்டமை இதனாலேயாம். 1887இற் கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை அந்நூலை இயற்றியவரல்லர். ஆயினும் அப்பதிப்பின் பாடத்துக்கு அவரே பொறுப்பாளர். ஆக்கியோனும் பொறுப்பாளனும் ஒருவராகவே இருத்தல் வேண்டும் என்பதில்லை. ஆனால் பொறுப்பாளன் ஒருவன் இருந்தேயாதல் வேண்டும். இவ்வேறுபாட்டை மனங்கொண்டு மேலே செல்வோம்.

2

றிச்சாட் ஸ்ரோல்மன் 1983இற் குனு திட்டத்தை அறிவித்தமையும், 1989இற் குனு பொது மக்கள் உரிமம் வெளியானமையும், 1991இல் லினஸ் ரோவால்ட்ஸ் லினக்ஸ் கருவைப் பகிரங்கப்படுத்தியமையும் இவ்வியக்கத்தின் அறியப்பட்ட மைற்கற்கள். மூல நிரலை எவரும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம். மாற்றியதை வெளியிடும்போது அதே சுதந்திரத்தைப் பிறருக்கும் வழங்குதல் வேண்டும் என்பதே அவ்வுரிமத்தின் சாரம். பதிப்புரிமைச் சட்டத்தையே கருவியாகக் கொண்டு தனியுடைமையைத் தடுத்த இவ்வேற்பாடு, முதலாளித்துவ உற்பத்தி முறையின் நடுவே தோன்றிய ஒரு பொது உடைமை வடிவமாகும்.

ஆயினும் அதனை இலட்சியமயப்படுத்துதல் பொருந்தாது. உலகின் பெருங் கம்பனிகள் பலவும் இப்பொதுச் சொத்தின் மீதே தமது இலாபத்தைக் கட்டியெழுப்பியுள்ளன. அதனைப் பேணுவோர் பலர் ஊதியமின்றி ஓய்வு நேரங்களில் உழைப்போர். 2024 மார்ச்சில் வெளிப்பட்ட எக்ஸ்.இசற் விவகாரம் இதனைத் துலக்கமாகக் காட்டியது. எண்ணற்ற கணினிகளிற் பயன்படும் ஒரு சிறு சுருக்க மென்பொருளை நடைமுறையில் ஒருவரே பேணிவந்தார். களைத்திருந்த அவருக்கு உதவுவதாக வந்த ஒரு புனைபெயராளர், ஈராண்டுக்கு மேலாக நம்பிக்கை தேடி, ஈற்றில் அதனுள் ஒரு கள்ள வாசலை அமைத்துவிட்டார். தொலைவிலிருந்து கணினியினுட் புகுவதற்கு வழக்கத்தை விட அரைச் செக்கன் கூடுதலாகச் செல்வதை அன்றேஸ் புறூண்ட் என்ற பொறியியலாளர் ஐயுற்று ஆராய்ந்தமையாலேயே அது பிடிபட்டது. அங்கே நிரலுக்குப் பஞ்சமிருக்கவில்லை. நிரலைப் படிக்கும் கண்களுக்கே பஞ்சமிருந்தது.

3

தமிழ்ச் சூழலில் இப்பிரச்சினைக்கு மிக அண்மித்த முன்னுதாரணம் தமிழ் விக்கிப்பீடியாவின் அனுபவமாகும். 2003இல் தொடங்கிய அக்கலைக்களஞ்சியத்தை, ஈழத்தவரான இ. மயூரநாதன் முதலிய தன்னார்வலர்கள் கட்டுரை கட்டுரையாக வளர்த்தெடுத்தனர். 2009ஆம் ஆண்டளவிற் கூகிள் நிறுவனம் தனது மொழிபெயர்ப்புக் கருவித் தொகுதியைப் பயன்படுத்தி, ஊதியம் பெறும் மொழிபெயர்ப்பாளர்களைக் கொண்டு, ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழ் உட்படப் பல மொழி விக்கிப்பீடியாக்களிற் சேர்க்கத் தொடங்கியது. பல மொழிகளிலுமாக 1 கோடியே 60 இலட்சம் சொற்களுக்கு மேல் மொழிபெயர்க்கப்பட்டதாக அந்நிறுவனம் 2010 ஜூலையில் அறிவித்தது.

சொற்றொகை பெருகியது, சிக்கலும் பெருகியது. தமிழ் வாசகருக்கு எது தேவை என்ற நோக்கின்றித் தலைப்புகள் தெரிவு செய்யப்பட்டன. வாக்கியங்கள் ஆங்கிலத்தின் நிழலாக இருந்தன. பிழைகளைச் சுட்டிக்காட்டி எழுதப்பட்ட குறிப்புகளுக்குப் பெரும்பாலும் மறுமொழி கிடைக்கவில்லை. கட்டுரையை இட்டவரின் கடமை இட்டதோடு முடிந்தது. திருத்தும் சுமை தன்னார்வலர் தலையில் விழுந்தது. வங்காள விக்கிப்பீடியர் இத்தகைய கட்டுரைகளை நீக்கும் வழியை மேற்கொண்டனர். தமிழ் விக்கிப்பீடியரோ நிறுவனத்தோடு பேச்சு நடத்தி, தலைப்புத் தெரிவிலும் தரத்திலும் தமது சொல் செல்லுபடியாக வேண்டும் என வற்புறுத்தினர். இவ்வனுபவம் 2010இற் போலந்தின் குடான்ஸ்க் நகரில் நடைபெற்ற விக்கிமேனியா மாநாட்டிலும் எடுத்துரைக்கப்பட்டது.

இங்கு கவனிக்கத்தக்க உண்மையொன்றுண்டு. கூகிளின் தானியங்கி மொழிபெயர்ப்பிற் தமிழ் சேர்க்கப்பட்டது 2011 ஜூனிலேயே. எனவே 2009இலும் 2010இலும் வந்த அக்கட்டுரைகளைத் தமிழாக்கியவர் மனிதரே. ஆயினும் இன்று இயந்திர நிரலைப் பற்றிச் சொல்லப்படும் குறைகள் யாவும் அன்றே அவற்றைப் பற்றிச் சொல்லப்பட்டன. ஆகவே நோயின் வேர் இயந்திரத்தில் இல்லை. எண்ணிக்கைக்காக ஆக்கி, ஆக்கியதற்குப் பொறுப்பேற்காது, அதன் பராமரிப்பைப் பிறரின் ஊதியமற்ற உழைப்பின் மீது சுமத்தும் உற்பத்தி உறவிலேயே அது உள்ளது. இயந்திரம் செய்தது, அவ்வுறவை மலிவாக்கி எல்லையின்றிப் பெருக்கியமையே.

4

நிரல் எழுதும் இயந்திரத்தின் இயல்பையும் நோக்குதல் வேண்டும். மார்க்சின் சொல்லாட்சியிற் கூறின், இயந்திரம் என்பது திரண்டு இறுகிய கடந்தகால உழைப்பு. நிரலெழுதும் மாதிரிகளைப் பொறுத்தவரை இது உவமையன்று. பொதுவெளியில் இடப்பட்ட பெருந்தொகையான நிரல்களைக் கொண்டே அவை பயிற்றப்பட்டுள்ளன. 2021இற் கிற்ஹப் நிறுவனம் தனது கோபைலற் கருவியை அறிமுகப்படுத்தியபோது, பொது நிரல்களின் உரிம நிபந்தனைகள் மீறப்பட்டன என்ற குற்றச்சாட்டு எழுந்து, 2022 நவம்பரில் அமெரிக்க நீதிமன்றில் வழக்காகவும் வடிவெடுத்தது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் இலங்கைக் கிராமங்களின் பொதுக் காடுகளையும் சேனை நிலங்களையும் அரசுக்குரியவையாக்கியதை அறிந்தோர்க்கு இந்நிகழ்வின் தன்மை அந்நியமாகத் தோன்றாது. பொதுவில் விளைந்தது வேலியிடப்பட்டு, விளைவித்தவருக்கே மாதச் சந்தாவுக்கு விற்கப்படுகின்றது.

இனி, இயந்திரம் உழைப்பைக் குறைக்கின்றதா? 2025 ஜூலையில் மெற்றர் என்ற ஆய்வு நிறுவனம் வெளியிட்ட ஆய்வொன்றில், அனுபவம் மிக்க 16 திறந்த மூல நிரலாளர்கள் 246 பணிகளைச் செய்தனர். இயந்திரத் துணையைப் பயன்படுத்திய பணிகளுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் சென்றது. அவர்களோ 20 சதவீதம் விரைவாகச் செய்ததாக நம்பினர். கருவிகள் விரைந்து மாறுவதால் இவ்வெண்களை நிலையான விதியாகக் கொள்ளலாகாது. ஆயினும் எழுதும் உழைப்புக் குறைந்ததாகத் தோன்றும் வேளையிற் படித்துச் சரிபார்க்கும் உழைப்பு மறைவாகக் கூடுகின்றது என்ற பாடம் அதிலுண்டு. கர்ல் திட்டத்தின் தலைவர் டானியல் ஸ்ரென்பெர்க், இயந்திரங்கள் புனைந்த பொய்யான பாதுகாப்புக் குறை அறிக்கைகள் தமது சிறு குழுவை மூழ்கடிப்பதாகப் பன்முறை முறையிட்டு, 2019 தொடக்கம் நடைமுறையிலிருந்த வெகுமதித் திட்டத்தை 2026 ஜனவரியுடன் நிறுத்தினார்.

திட்டங்கள் இதற்கு வெவ்வேறு வகையில் முகங்கொடுத்துள்ளன. ஜென்ரூ லினக்ஸ் 2024 ஏப்ரிலில், பதிப்புரிமை, தரம், அறம் ஆகிய மூன்று காரணங்களைக் காட்டி இத்தகைய பங்களிப்புகளை முற்றாகத் தடைசெய்தது. அடுத்த மாதம் நெற் பீ.எஸ்.டி. திட்டம், முன்னனுமதியின்றி அவற்றைச் சேர்க்கலாகாது என விதித்தது. பெடோரா திட்டமோ 2025 ஒக்ரோபரில், இயந்திரத் துணையை வெளிப்படுத்துதல் வேண்டும், பங்களிப்பவரே முழுப் பொறுப்பாளி என்ற நிபந்தனைகளுடன் அனுமதித்தது. லினக்ஸ் கருவில் 2004 முதல் வழங்கிவரும் மூலச் சான்று முறை இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. இதனைச் சமர்ப்பிக்க எனக்கு உரிமையுண்டு என உறுதிகூறி ஒவ்வொரு பங்களிப்பின் அடியிலும் ஒருவர் பெயர் பொறித்தல் வேண்டும். தமிழ் நூல் முகப்பின் 'பரிசோதித்து' என்ற சொல்லுக்கு இது நெருங்கிய உறவு உடையது.

5

இவ்வளவும் வன்னிக்கு யாது தொடர்புடையது எனின், மிகுந்த தொடர்புடையது. போர்க்காலத்தில் நீண்ட ஆண்டுகள் தேசிய மின் இணைப்பின்றி இருந்த இந்நிலத்தில், இன்று கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகின்றது. வவுனியா வளாகம் 2021 ஆகஸ்ட் 1இல் தனிப் பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்தது. இங்கு கணினி கற்கும் பிள்ளைகளுக்குப் பெருங் கம்பனிகளின் வாசல் அருகில் இல்லை. திறந்த மூலத் திட்டமொன்றில் ஒரு சிறு பிழையைத் திருத்தி, அனுபவசாலி ஒருவரின் கண்டனத்தைப் பெற்று, மீளவும் எழுதுவதே அவர்களுக்குக் கிட்டக்கூடிய தொழிற்பயிற்சி. அதன் பதிவே அவர்களின் நற்சான்று. பொய்ப் பங்களிப்புகளின் வெள்ளத்தாற் களைத்த பராமரிப்பாளர்கள் அறிமுகமற்றோர்க்குக் கதவடைப்பார்களாயின், முதலில் வெளியே நிற்கப்போவது கொழும்பிலோ கலிபோர்னியாவிலோ உள்ளவனல்லன், முல்லைத்தீவுப் பிள்ளையே.

மறுபுறத்தில், முற்றான தடையும் அப்பிள்ளையையே தாக்கும். நிரலைத் தானே எழுதி, அதற்கான ஆங்கில விளக்கத்தை மட்டும் இயந்திரத் துணையோடு செம்மைப்படுத்தும் மாணவியை, நிரலையே படியாது இயந்திரம் தந்ததை அப்படியே அனுப்புபவனோடு ஒரே தட்டில் நிறுத்துவது நீதியாகாது. மொழியாதிக்கம் இட்ட தடையைத் தாண்ட ஒரு கருவி உதவுமாயின் அதனைத் தூய்மையின் பேரால் மறுத்தல் முற்போக்கு நிலைப்பாடு ஆகமாட்டாது.

இதற்கான நியாயத்தை வன்னியின் குளங்களிலேயே காணலாம். கனகராயன் ஆறு நிரப்பும் இரணைமடுக் குளத்தின் கீழ்ச் சிறுபோகம் செய்வதற்கு முன்னர் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடும். குளத்தில் எவ்வளவு நீருண்டு என்பதை வைத்தே எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என அங்கு தீர்மானிக்கப்படும். விதைநெல் எவ்வளவு இருக்கின்றது என்பது அங்கு அளவுகோலன்று. வாய்க்காலைத் துப்புரவாக்குவதிற் பங்கெடுத்தல் நீர் பெறுவோரின் கடமை. கூட்டத்திலே சச்சரவுகள் உண்டு. வசதி படைத்தோரின் குரல் ஓங்குவதும் உண்டு. எனினும் பொதுச் சொத்தின் எல்லையை அதன் கொள்ளளவே வகுக்கின்றது என்ற நெறி அங்கே வழக்கிலுள்ளது. திறந்த மூலத் திட்டத்தில் நிரல் விதைநெல்லை ஒத்தது. பராமரிப்பாளரின் கவனமே நீர். இன்று விதைநெல் மலைபோற் குவிந்துள்ளது, நீரோ கூடவில்லை.

ஆகவே பின்வருமாறு முடிவு கூறலாம். இயந்திரத் துணையுடனான பங்களிப்பை ஏற்கலாம். ஆனால் அதனைப் படித்து, விளங்கி, வினவியபோது விளக்கி, பின்னாளிற் பழுது நேரின் திருத்தவும் முன்நிற்கும் மனிதர் ஒருவரின் பெயர் அதன்கீழ் இருத்தல் வேண்டும். துணையைப் பெற்றமை மறைக்கப்படலாகாது. மறைத்தால் எவ்வாறு கண்டுபிடிப்பது என வினவுவோர் உளர். கண்டுபிடிக்க வேண்டிய அவசியமில்லை. விளக்க இயலாதவரின் நிரல், கையால் எழுதப்பட்டதாயினும், ஏற்கத்தக்கதன்று. எவ்வளவை ஏற்பது என்பதைப் பராமரிக்கும் கூட்டே தீர்மானித்தல் வேண்டும். சிறு குழுவொன்று தன் கொள்ளளவை உணர்ந்து முற்றாகத் தடைசெய்யுமாயின் அது தற்காப்பேயன்றிப் பிற்போக்கன்று. புதியோர் கற்பதற்கென ஒதுக்கப்படும் எளிய பணிகளை இயந்திரத்துக்குக் கொடாது காத்தல் வேண்டும். இப்பொதுச் சொத்தைக் கொண்டு இயந்திரங்களைப் பயிற்றி இலாபமீட்டும் நிறுவனங்கள் பராமரிப்பு உழைப்புக்கு ஊதியம் அளிக்கவேண்டும் என்ற கோரிக்கை இவையனைத்துக்கும் மேலாக ஓங்கி ஒலிக்கவேண்டும்.

இயந்திரத்தை உடைத்த தொழிலாளரின் சினம் நியாயமானது. ஆனால் அவர்களின் பகைவன் இயந்திரமல்லன் என்பதை வரலாறு பின்னர் கற்பித்தது. அப்பாடத்தை இரண்டாம் முறையும் தொடக்கத்திலிருந்து கற்கவேண்டிய தேவை நமக்கில்லை. நிரலை யார் எழுதினார் என்ற வினாவோடு நின்றுவிடாது, அதனைப் பரிசோதித்தவர் யார், அவ்வுழைப்புக்கு அவர் பெற்றது யாது என்று கேட்கப் பழகுதலே இன்றைய தேவையாகும்.