நுரையீரல் புற்றுநோயாளரின் உயிர்வாழ்வில் இணைநோய்களின் எடை: நெல்லிக்குப்பத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

திறவுச்சொற்கள்: நுரையீரல் புற்றுநோய், இணைநோய், உயிர்வாழ்வு, சார்ல்சன் குறியீடு, காசநோய், நீரிழிவு

முன்னுரை

2020ஆம் ஆண்டு கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் தமிழக அரசு நாள்தோறும் வெளியிட்ட செய்திக்குறிப்புகள், இறந்தோரை இணைநோய் உள்ளவர், இணைநோய் இல்லாதவர் என இரு பிரிவாகக் காட்டின. மருத்துவ நூல்களுக்குள் அடங்கிக் கிடந்த அச்சொல் அவ்வழியே தேநீர்க்கடைப் பேச்சு வரை வந்து சேர்ந்தது. ஆனால் பொதுவழக்கில் அது இறப்புக்கு மேலும் ஒரு காரணம் என்ற அளவிலேயே நின்றுவிட்டது. அமெரிக்க மருத்துவர் ஆல்வன் ஃபைன்ஸ்டைன் 1970இல் இக்கருத்தை வரையறுத்தபோது அவருடைய கவலை வேறாக இருந்தது. ஆய்வுக்குரிய முதன்மை நோயோடு ஒருவரிடம் தனியே இருக்கும் பிற நோய்களைக் கணக்கில் கொள்ளாமல் இரு சிகிச்சைகளை ஒப்பிட்டால், சிகிச்சையின் குறைக்கும் நோயாளியின் முன்நிலைக்கும் வேறுபாடு தெரியாமற் போகும் என்பதே அது. நுரையீரல் புற்றுநோயில் இக்கவலை மிகுதியும் பொருந்துகிறது. புகையிலை, முதுமை ஆகிய இரண்டும் அப்புற்றுநோய்க்கு வழிவகுப்பது போலவே இதயநோய்க்கும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கும் வழிவகுக்கின்றன.

உயிர்வாழ்வைக் குறைக்கும் வழிகள்

இணைநோய் தானே உயிரைப் பறிப்பது ஒரு வழி. தொடக்க நிலையில் கண்டறியப்பட்டு அறுவைச் சிகிச்சை பெற்றவர், சில ஆண்டுகளுக்குப் பின் புற்றுநோய் திரும்பாமலேயே மாரடைப்பால் இறக்கக்கூடும். ஆயினும் ஆய்வாளர் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது, இணைநோய் சிகிச்சையைச் சுருக்கிவிடும் வழியையே. நுரையீரலின் ஒரு மடலை அகற்ற வேண்டுமாயின் எஞ்சிய பகுதி மூச்சுக்குப் போதுமானதா என்பது முதலில் அளக்கப்படுகிறது. அடைப்பு நோயால் ஏற்கெனவே மூச்சுத்திறன் குறைந்தவருக்கு, கட்டி சிறியதாக இருந்தும் அறுவைச் சிகிச்சை மறுக்கப்படலாம். சிஸ்பிளாட்டின் என்னும் மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும். அதைத் தடுக்க நரம்பு வழியே மிகுந்த நீர் ஏற்ற வேண்டும். தளர்ந்த இதயம் அந்நீரைத் தாங்காது. எனவே கார்போபிளாட்டினுக்கு மாறுவதோ அளவைக் குறைப்பதோ நேர்கிறது. வாந்தியைத் தடுக்கத் தரப்படும் டெக்சாமெத்தசோன் இரத்தச் சர்க்கரையை உயர்த்துகிறது. நீரிழிவால் முன்பே கால் மரத்துப்போனவருக்குப் பாக்ளிடாக்சல் அம்மரப்பை மேலும் கூட்டுகிறது. இவ்வாறு குறைந்த சிகிச்சையோடு இறப்பவரின் இறப்புச் சான்றில் புற்றுநோய் மட்டுமே இடம்பெறும்.

நோய் முற்றிய நிலையில் இணைநோயின் தாக்கம் குறைவாகவும் தொடக்க நிலையில் மிகுதியாகவும் புலப்படுகிறது. முற்றிய நிலையில் புற்றுநோயே மற்றெல்லாவற்றையும் முந்திக்கொள்வதே காரணம். இந்தியாவில் பெரும்பாலோர் முற்றிய நிலையிலேயே கண்டறியப்படுவதால் இங்கு இணைநோய்க்கு முதன்மை தர வேண்டியதில்லை என்று முடிவு கட்டுவது அவசர முடிவாகும். முற்றிய நிலையில் வந்து சேர்வதற்கே இணைநோய் ஒரு காரணமாக இருக்கிறது. பழைய காசநோய்த் தழும்பு உள்ள நெஞ்சில் புதிய நிழல் தோன்றினால், அது காசநோய் திரும்பியதாகக் கருதப்பட்டு மாதக்கணக்கில் காசநோய் மருந்து தரப்படுவது இந்திய மருத்துவ இதழ்கள் பலகாலமாகப் பேசிவரும் சிக்கல். நெடுநாள் இருமலுக்குப் பழகியவரோ, இருமலின் தன்மை மாறியதைத் தாமும் உணர்வதில்லை.

அளவுகோல்களும் ஒரு கரும்புத் தொழிலாளியும்

இணைநோயை எண்ணாக்கும் முயற்சிகளுள் பெயர்பெற்றது மேரி சார்ல்சனும் உடனாய்வாளரும் 1987இல் வெளியிட்ட குறியீடு. நியூயார்க் மருத்துவமனையொன்றில் சேர்ந்த 559 நோயாளரின் ஓராண்டு இறப்பிலிருந்து அது உருவானது. நோய்களுக்கு 1, 2, 3, 6 என எடை அளித்தது. 2011இல் ஹூட் குவான் குழுவினர் இவ்வெடைகளைத் திருத்தினர். ஆஸ்திரேலியா, கனடா, பிரான்ஸ், ஜப்பான், நியூசிலாந்து, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளின் தரவுகள் பயன்பட்ட அத்திருத்தத்தில், சிக்கலற்ற நீரிழிவின் எடை 1இலிருந்து 0 ஆயிற்று. இதற்கு மாறாக, நுரையீரல் புற்றுநோய்க்கெனவே பிரான்சின் கோலினே குழுவினர் 2005இல் அமைத்த எளிய குறியீடு புகையிலைக்கு 7, நீரிழிவுக்கு 5, சிறுநீரகக் குறைபாட்டுக்கு 4, சுவாச நோய், இதயக் குருதிநாள நோய், பிற புற்றுநோய், மதுப்பழக்கம் ஆகியவற்றுக்குத் தலா 1 என்று எடையிட்டது. மொத்தம் 9ஐக் கடந்தோரின் உயிர்வாழ்வு குறைவு.

கடலூர்–பண்ருட்டிச் சாலையில், பாரி சர்க்கரை ஆலையைச் சுற்றி வளர்ந்த ஊர் நெல்லிக்குப்பம். அங்குள்ள அறுபது வயதுக் கரும்பு வெட்டும் தொழிலாளி ஒருவரை எடுத்துக்காட்டாகக் கற்பனை செய்துகொள்ளலாம். பல்லாண்டு பீடி புகைத்தவர், முன்பு காசநோய்க்கு மருந்து உண்டவர், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், மூச்சிரைப்பு ஆகியன உடையவர், மது அருந்தாதவர், சிறுநீரகம் நலமாக உள்ளவர். சார்ல்சன் கணக்கில் நீரிழிவும் நுரையீரல் நோயும் சேர்ந்து 2 புள்ளி. காசநோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் அதில் தனி இடமே இல்லை. குவான் திருத்தத்தில் 1. கோலினே கணக்கில் புகையிலையும் நீரிழிவும் மட்டுமே 12. ஒரே உடல், மூன்று தீர்ப்புகள். நீரிழிவு 0 ஆவதும் 5 ஆவதும் அந்நோயின் இயல்பால் மட்டும் நேர்வதன்று. எந்நோயாளரிடையே, எத்தகைய பராமரிப்புச் சூழலில் எடை கணிக்கப்பட்டது என்பதும் அவ்வெண்ணுக்குள் கலந்துள்ளது. கடலூர் மாவட்டத்திற்கு அதை அப்படியே பெயர்த்துவைப்பது, பிற ஊர்க் களத்துமேட்டின் மரக்காலால் இவ்வூர் நெல்லை அளப்பதற்கு ஒப்பாகும்.

அத்தொழிலாளி தமக்கு நீரிழிவு இருப்பதை அறியாதவர் எனக் கொண்டால் நிலைமை மேலும் மாறுகிறது. கோலினே கணக்கில் புகையிலைக்கு 7, மூச்சிரைப்புக்கு 1, இரத்த அழுத்தத்தை இதயக் குருதிநாள நோயாகக் கொண்டாலும் மேலும் 1. கூட்டினால் 9 மட்டுமே. அவர் நல்வாய்ப்புடையோர் வரிசைக்கு நகர்ந்துவிடுகிறார். ஒரு சர்க்கரைப் பரிசோதனை செய்யப்படாததே இதற்குக் காரணம். சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனம் முன்னின்று நடத்தி 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியருள் 11.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவும் 35.5 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தமும் இருப்பதாகக் கணித்தது. இத்தகைய நாட்டில் மருத்துவமனைப் பதிவேட்டின் வெற்றுக்கட்டத்தை ‘நோய் இல்லை’ என்று படிக்கும் ஆய்வேடு தன் அடித்தளத்தையே பிழையாக இடுகிறது.

பதிவின் இடம்

நெல்லிக்குப்பத்து நோயாளி புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் புதுச்சேரி ஜிப்மருக்கோ சென்னைக்கோ செல்ல நேரும்போது அவருடைய பழைய நோய்வரலாறு உடன் செல்வது தற்செயலைப் பொறுத்ததாகவே உள்ளது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளை வீட்டுக்கே கொண்டுசெல்கிறது. அதன் குறிப்புகளைப் புற்றுநோய்ப் பிரிவின் முதல் நாள் பதிவோடு சேர்க்க முடிந்தால் மேற்சொன்ன வெற்றுக்கட்டங்களிற் பல நிரம்பும். காசநோய்க்கு முன்பு மருந்து உண்டதுண்டா, எத்தனை மாதம் என்ற வினாவும் அப்பதிவில் தனியே இடம்பெற வேண்டும்.

அதே ஊரில் நாற்பது ஆண்டுகள் விறகடுப்பின் முன் அமர்ந்து சமைத்த பெண்ணொருவருக்கு இந்நோய் வருமாயின், கோலினே குறியீட்டின் மிகப்பெரிய எடையான 7இல் அவருக்குக் கிடைப்பது 0. அடுப்புப் புகை அவருடைய நுரையீரலில் செய்தது எதுவாயினும், பதிவேட்டில் அவர் ‘புகைபிடிக்காதவர்’.