சின்சே வைத்தியம் குணம் தந்ததா? அளந்து பார்ப்பது எப்படி?



"டிரசர் ஐயா, இடுப்பு வலிக்குச் சின்சேகிட்ட ஊசி குத்திக்கிட்டேன், நல்லாத்தான் இருக்கு. அது மெய்யான வைத்தியமா?" என்று பலர் கேட்கிறீர்கள். செம்பனைக் குலை அறுத்தும் பால்வாளி சுமந்தும் தேய்ந்த இடுப்புகளுக்கு நியாயமான கேள்விதான். கூலியில் ஒரு பங்கும் அங்கே போகிறதல்லவா?

சீன வைத்தியம் பினாங்குக்குப் புதிதல்ல. லாம் வா யீ ஆஸ்பத்திரி 1883-இல் ஜார்ஜ் டவுனில் ஏழைகளுக்கு இலவசச் சீன மருத்துவம் பார்க்கும் தர்ம நிலையமாகவே தொடங்கியது. 2007-இல் கெப்பாளா பத்தாஸ் அரசாங்க ஆஸ்பத்திரியில், நாட்டிலேயே முதன்முறையாக, பாரம்பரிய வைத்தியப் பிரிவு திறந்து ஊசி வைத்தியமும் கொடுத்தார்கள். ஆகவே சீன வைத்தியம் சரியா தப்பா என்று சண்டை போட்டுப் பயனில்லை. இன்ன நோய்க்கு இன்ன மருந்து எவ்வளவு குணம் தருகிறது என்பதே கேள்வி. அதற்கு அளவுகோல் வேண்டும்.

இதைப் பால்மரம் வெட்டியவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மழைத்தண்ணீர் விழுந்த பாலும் நிறுவையில் கனக்கும். அதில் காய்ந்த ரப்பர் எத்தனை சதவீதம் என்று பார்த்தால்தான் உண்மை தெரியும். வைத்தியத்திலும் எதை அளக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மலேரியாவை எடுத்துக்கொள்வோம். சீனாவில் து யூயூ என்ற அம்மையார் ஒரு பழைய மூலிகையிலிருந்து எடுத்த சாற்றை 1972-இல் ஹைனான் தீவில் 21 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். காய்ச்சல் இறங்கியதை மட்டும் பார்த்திருந்தால் அது சாட்சியாகாது. மலேரியாக் காய்ச்சல் தானே இறங்கும், மறுபடி ஏறும். பெனடோல் போட்டாலும் இறங்கும். ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி, பூதக்கண்ணாடியில் கிருமி இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். கிருமி குறைந்தது. அந்த மூலிகையிலிருந்து வந்த ஆர்ட்டிமிசினின் இன்று உலகமெங்கும் மலேரியாவுக்கு மருந்து. அம்மையாருக்கு 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது.

எல்லாப் பரிசோதனையும் இப்படி இல்லை. சீனாவில் நடந்த பலவற்றில் நோயாளிகளை நான்காகப் பிரிப்பார்கள்: பூரண குணம், நல்ல குணம், ஓரளவு குணம், குணமில்லை. பிறகு முதல் மூன்றையும் கூட்டிப் 'பலன் அடைந்தோர்' என்று அறிவிப்பார்கள். ஒரு கணக்குக்குச் சொல்கிறேன்: நூறு பேரில் பத்துப் பேருக்குப் பூரண குணம், இருபது பேருக்கு நல்ல குணம், அறுபது பேருக்கு 'ஏதோ பரவாயில்லை' என்றால், காகிதத்தில் 90 சதவீதம் வெற்றி! தண்ணீர் கலந்த பாலை நிறுத்த கதைதான். நாக்கின் நிறத்தையும் நாடியையும் வைத்து மட்டும் குணம் சொன்னாலும் சிக்கலே. ஒரே கையைப் பிடித்த இரண்டு சின்சே இரண்டு விதமாகச் சொல்லக்கூடும்.

வலியை எப்படி அளப்பது? அதற்கு மீட்டர் கிடையாது. நோயாளியைத்தான் கேட்க வேண்டும். ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 1,162 பேரை வைத்துச் சோதித்து 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு கூட்டத்துக்குச் சீன முறைப்படி ஊசி. இன்னொரு கூட்டத்துக்குச் சும்மா, தப்பான இடத்தில் மேலாகக் குத்தினார்கள். எது யாருக்கு என்று நோயாளிக்குத் தெரியாது. மூன்றாவது கூட்டத்துக்கு வழக்கமான மருந்தும் உடற்பயிற்சியும். வலி எவ்வளவு, குனிந்து நிமிர முடிகிறதா என்று ஆறு மாதம் கழித்துக் கேட்டார்கள். எவ்வளவு குறைந்தால் குணம் என்பதையும் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள். குணம் கண்டவர்கள்: சரியான ஊசியில் 47.6 சதவீதம், சும்மா ஊசியில் 44.2, வழக்கமான வைத்தியத்தில் 27.4.

ஊசி வீண் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் எந்த இடத்தில் குத்துகிறார்கள் என்பதில் பெரிய ரகசியம் இருப்பதாகவும் தெரியவில்லை. நம்பிக்கையும் தொட்டுப் பார்க்கும் கையும் பாதி வேலை செய்கின்றன என்பது என் எண்ணம். புதிதாக வந்த இடுப்புப் பிடிப்பு பலருக்குச் சில வாரத்தில் தானாகவே தணிந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

குணத்தை அளப்பவர்கள் கெடுதலையும் அளக்க வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கச் சீன மூலிகை கலந்த மருந்து சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. பெயர் ஒத்த வேறொரு விஷ மூலிகை அதில் சேர்ந்திருந்தது. எடைத் தராசு இளைத்ததைக் காட்டும், சிறுநீரகத்தைக் காட்டாது. அதற்கு ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

நீங்கள் ஊசிக்குப் போவதானால், போகுமுன் ஒரு நோட்டில் எழுதுங்கள்: பத்துக்கு எத்தனை வலி, வாரத்தில் எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை, எத்தனை வலி மாத்திரை விழுங்கினீர்கள். ஆறு வாரம் கழித்து மறுபடி எழுதிப் பாருங்கள். இனிப்புநீர், ரத்த அழுத்த மாத்திரைகளை யார் சொன்னாலும் தானாக நிறுத்தாதீர்கள். மருந்துப் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பெயரில்லாத கறுப்பு உருண்டை தின்று இரண்டே நாளில் மூட்டுவலி பறந்துவிட்டதா? அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். முகம் உப்பும், இனிப்புநீர் ஏறும். பல வாரமாகத் தின்றிருந்தால் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. உறையோடு எடுத்துக்கொண்டு முதலில் என்னிடம் வாருங்கள், திட்டமாட்டேன்.