மீனுக்காகவும் சட்டம் படிக்கலாம்

பிள்ளை சட்டம் படிக்கிறது என்றால், "குடிவரவு வழக்கா, வீடு விற்கிற வாங்கிற வேலையா?" என்றுதான் எமது உறவுகள் கேட்கின்றனர். அகதி வழக்குக்காகச் சட்டத்தரணியின் வாசலில் காத்திருந்த எமக்கு வேறு சட்டம் தெரியாமல் போனதில் வியப்பில்லை. அமெரிக்காவில் படிக்கும் பிள்ளை, அரச வனவிலங்கு அலுவலகத்தில் ஒரு பருவம் சம்பளமின்றிப் பயிலப் போகிறேன் என்றால் வீடே கலங்குகிறது.

இதன் பெயர் எக்ஸ்டேர்ன்ஷிப். மூன்று ஆண்டுச் சட்டப் படிப்பின் ஒரு பகுதி. அலுவலகத்தில் செலவிடும் மணித்தியாலங்களுக்குக் கிரெடிட் உண்டு. அங்குள்ள சட்டத்தரணி வேலையைத் திருத்துவார், கல்லூரியும் கண்காணிக்கும்.

அங்கே யானையும் முதலையும் பார்க்கும் வேலை இல்லை. புளோரிடாவின் மீன், வனவிலங்கு ஆணைக்குழு அம்மாநில அரசியலமைப்பிலேயே இடம்பெற்றது. எந்த மீனை எவ்வளவு பிடிக்கலாம், எப்போது வேட்டையாடலாம் என்ற விதிகளை அதுவே ஆக்குகிறது. இத்தகைய அலுவலகங்களின் சட்டப் பிரிவில் மாணவர் பழைய தீர்ப்புகளைத் தேடிக் குறிப்பெழுதுவார், விதி வரைவுகளைச் சரிபார்ப்பார், அனுமதி மறுக்கப்பட்டவரின் மேன்முறையீட்டுக் கோப்பைத் தயாரிக்க உதவுவார்.

மறுப்புக் கடிதத்தைக் கையில் வாங்கியவர்கள் நாங்கள். அக்கடிதம் உள்ளே எப்படி எழுதப்படுகிறது, எந்தக் காரணம் சட்டத்தில் நிற்கும், எது நிற்காது என்பதை எமது பிள்ளை அங்கே கற்கிறது. அந்த அறிவு எந்த வழக்குக்கும் உதவும்.

மாணவர்தானே என்று குறைத்தும் எண்ண வேண்டாம். 1970களில் டெனசியில் ஹைரம் ஹில் என்ற சட்ட மாணவர், ஓர் அணையால் அழியவிருந்த சிறு மீனைப் பற்றிக் கட்டுரை எழுதலாமா என்று பேராசிரியரிடம் கேட்டார். அது வழக்கானது. 1973ஆம் ஆண்டின் அருகிவரும் உயிரினச் சட்டத்தின்படி, முடியும் தறுவாயில் இருந்த அணையை 1978இல் உச்ச நீதிமன்றம் 6–3 என நிறுத்தியது. மறு ஆண்டே காங்கிரஸ் விலக்களித்து அணையைக் கட்டவைத்தது உண்மை. ஆனால் வேறு ஆறுகளில் அந்த மீன் பிழைத்தது. 2022இல் ஆபத்துப் பட்டியலிலிருந்தும் நீங்கியது.

ஆகவே பெற்றோரே, உடனே மறுக்காமல் கேளுங்கள்: எத்தனை கிரெடிட்? அதற்குக் கல்லூரிக் கட்டணம் எவ்வளவு? அலுவலகத்தில் யார் பொறுப்பு? குடியுரிமை நிபந்தனை உண்டா? அந்தப் பருவத்தின் வாடகைக்கு என்ன வழி? 2016 முதல் கிரெடிட்டுடன் சம்பளம் பெறவும் அமெரிக்க வழக்கறிஞர் சங்க விதி இடமளிக்கிறது. கல்லூரி அதை அனுமதிக்கிறதா என்றும் விசாரியுங்கள். பதில்கள் திருப்தி என்றால், பிள்ளையை மனதார அனுப்பி வையுங்கள்.