ரீபோர் செய்த வண்டிக்கு முதல் ஆயிரம் கிலோமீட்டர்

மண்டிச் சரக்கைச் சொந்த வண்டியிலேயே ஏற்றி வரும் வணிகர்கள் நம்மில் பலர். விருதுநகர் பருப்பும் ஒட்டன்சத்திரம் காய்கறியும் கடை வாசலில் வந்து இறங்குவது அந்த வண்டியை நம்பித்தான். பல ஆண்டுகள் உழைத்த டீசல் என்ஜின் புகை கக்கத் தொடங்கினால் ரீபோர் செய்து, பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் மாற்ற வேண்டி வருகிறது. கையிலிருந்து பெரும் தொகை போகிறது. வண்டி பட்டறையில் நிற்கும் நாட்களுக்கு வாடகை வண்டிச் செலவு வேறு. ஆகவே வண்டி வெளியே வந்த அன்றே முழு பாரம் ஏற்றி அனுப்பத் தோன்றுவது இயற்கை. ஆனால் போட்ட முதல் வீணாவது பெரும்பாலும் அங்கேதான்.

உள்ளே நடப்பது என்ன?

ரீபோர் செய்த சிலிண்டரின் உட்சுவரில் ஹோனிங் கல்லால் குறுக்கும் மறுக்குமாக நுண்ணிய கோடுகள் போடுகிறார்கள். எண்ணெய் தங்குவது இக்கோடுகளில்தான். புதிய ரிங்கும் சுவரும் ஒன்றோடொன்று உரசி, மேடுகள் தேய்ந்து, இடைவெளியில்லாமல் படிய வேண்டும். ரிங்கைச் சுவரோடு அழுத்துவது எரியும் வாயுவின் அழுத்தம். பாரமே இல்லாமல் ஓட்டினாலும், மணிக்கணக்கில் நிறுத்தி வைத்து என்ஜினை ஓடவிட்டாலும் இந்த அழுத்தம் போதாது. சுவரில் எண்ணெய் கருகிக் கண்ணாடி போல் வழவழப்பாகிவிடும். பிறகு ரிங் படியாது, வண்டி எண்ணெய் குடிக்கும். மாறாக, முதல் நாளே மிகை பாரம் ஏற்றினால் உரசும் இடங்கள் சூடேறிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இரண்டும் நஷ்டமே.

எந்த எண்ணெய்?

சமையல் எண்ணெய் டின்னில் அக்மார்க் பார்ப்பது போல், என்ஜின் ஆயில் டப்பாவில் இரண்டு குறிகளைப் பாருங்கள். முதலாவது ஏ.பி.ஐ. தரம். 'சி' என்று தொடங்கினால் டீசலுக்கு, 'எஸ்' என்று தொடங்கினால் பெட்ரோலுக்கு. சிஐ-4, சிகே-4 ஆகியவை டீசல் தரங்கள். புகைக் குழாயில் துகள் வடிகட்டி உள்ள பி.எஸ்.6 வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். இல்லையேல் வடிகட்டி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். இரண்டாவது கனம். 15டபிள்யூ-40 என்றால் 'டபிள்யூ'வுக்கு முன்னுள்ள எண் குளிரில் ஓடும் தன்மையையும், பின்னுள்ள எண் என்ஜின் சூட்டில் இருக்கும் கனத்தையும் காட்டும். கனம் கூடினால் பாதுகாப்பும் கூடும் என்பது தவறான எண்ணம். மிகவும் கெட்டியான எண்ணெய் காலையில் ஸ்டார்ட் செய்ததும் பேரிங்குக்குப் போய்ச் சேரத் தாமதமாகும். வண்டிக் கையேடு சொல்லும் கனமே சரி.

ரிங் படியும்வரை சாதாரண மினரல் ஆயில் போதும் என்பதே பெரும்பாலான மெக்கானிக்குகளின் வழக்கம். விலை உயர்ந்த சிந்தெடிக் ஆயிலைப் பிறகு ஊற்றலாம். பழைய டப்பாவில் போலிச் சரக்கு அடைத்து விற்பவர்களும் உண்டு. பில்லோடு வாங்குங்கள், சீலைப் பாருங்கள், காலி டப்பாவை நசுக்கிப் போடுங்கள்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டீசல் வரத்தை நிறுத்திவிட்டு, ஆயில் பிரஷர் விளக்கு அணையும்வரை செல்ஃபில் விட்டு விட்டுச் சுற்றுங்கள். எண்ணெய் ஏறாமல் ஓடும் சில நொடிகளே புதிய பேரிங்கைக் கெடுக்கப் போதும்.

2. ஸ்டார்ட் ஆனதும் பிரஷர், தண்ணீர் அளவு, கசிவு பார்த்துவிட்டு, சூடேறியதும் சாலையில் இறக்குங்கள்.

3. முதல் 500 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ பாதி பாரம். பிறகு படிப்படியாகக் கூட்டலாம்.

4. ஒரே வேகத்தில் நெடுந்தூரம் வேண்டாம். வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டச் சொல்லுங்கள். ஆக்சிலேட்டரை முழுவதும் மிதிப்பதும், டாப் கியரில் திணறவிடுவதும் கூடாது.

5. சுமார் 500 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். தேய்ந்த இரும்புத் தூள் முழுவதும் அதில்தான் இருக்கும். ஆயில் இன்னும் நன்றாகத்தானே இருக்கிறது என்று மிச்சம் பிடிப்பது பலனற்ற சிக்கனம்.

6. தினமும் காலையில் டிப்-ஸ்டிக் பாருங்கள். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றினாலும் கெடுதலே. கிராங்க் அடித்து எண்ணெய் நுரைத்துவிடும்.

எச்சரிக்கை அறிகுறிகள்

ஆயிரம் கிலோமீட்டர் கடந்தும் நீலப் புகை நிற்கவில்லை என்றால் ரிங் படியவில்லை என்று சந்தேகிக்கலாம். சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை வந்தாலோ, ஆயில் பால் காப்பி நிறத்துக்கு மாறினாலோ தண்ணீர் கலக்கிறது. உடனே வண்டியை நிறுத்துங்கள்.

இவற்றை டிரைவருக்கு வாயால் மட்டும் சொல்லாமல், ஒரு தாளில் எழுதி வண்டியிலேயே ஒட்டிவையுங்கள். மெக்கானிக் சொல்லும் கெடு, ஆயில் மாற்றிய தேதி, கிலோமீட்டர் மூன்றையும் கடைக் கணக்கோடு குறித்து வாருங்கள். சில வாரம் பாதிச் சரக்கு ஏற்றுவதால் வரும் நஷ்டம் சிறியது. மறுபடி என்ஜினைக் கழற்றினால் ஆகும் செலவை நாம் எந்தச் சரக்கின் விலையிலும் ஏற்ற முடியாது.