திருவனந்தபுரத்திலிருந்து சென்னை: வான்வழித் தொலைவும் பயண நேரமும்

சென்னையில் நெருங்கிய உறவினர் ஒருவர் காலமானார் என்ற செய்தி ஆரியசாலையில் ஓர் இல்லத்திற்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். "விமானத்தில் ஒன்றேகால் மணி நேரந்தானே, இதோ வந்துவிடுகிறோம், அதுவரை எடுக்காதீர்கள்" என்று இங்குள்ளோர் சொல்லிவிடுகின்றனர். அங்கே உற்றார் கடிகாரத்தைப் பார்த்தவண்ணம் காத்திருக்கின்றனர். இத்தகைய வேளையில், அந்த ஒன்றேகால் மணி நேரம் எதைக் குறிக்கிறது, எதைக் குறிக்கவில்லை என்பதை அறிந்திருத்தல் நலம்.

சங்குமுகம் கடற்கரையை ஒட்டிய திருவனந்தபுரம் விமான நிலையத்திற்கும் சென்னை மீனம்பாக்கத்திற்கும் இடையே நூல் பிடித்தாற்போல் அளந்தால் ஏறக்குறைய 610 கிலோமீட்டர். பழைய கணக்கில் 380 மைல். இரயில் வழியோ நாகர்கோவில், மதுரை மார்க்கமாக 800 கிலோமீட்டர் அளவும், பாலக்காடு மார்க்கமாக 900 கிலோமீட்டருக்கு மேலும் ஆகும். பத்மநாபபுரத்திலிருந்து மூன்று நாள் பவனியாக வந்து, நவராத்திரிக்கு ஆரியசாலைக் கோயிலில் தங்கும் வேளிமலைக் குமாரசுவாமியை அறிந்தவர்க்கு, சென்னைத் தொலைவு ஒன்றரை மணியில் அடங்குவது விந்தையே.

ஜெட் விமானம் உயரத்தில் மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் செல்லக்கூடியது. அவ்வேகத்தில் இத்தொலைவுக்கு 46 நிமிடம் போதும். ஆயினும் கால அட்டவணை ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி வரை காட்டுகிறது. காரணம் யாது? விமானம் நின்ற இடத்தை விட்டு அசைவது முதல், சேருமிடத்தில் வந்து நிற்பது வரையிலான காலமே அட்டவணைக் காலம். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லுதல், முறை வரும்வரை காத்திருத்தல், மேலேறுதல், இறங்குதல் யாவும் அதில் அடங்கும். இவ்வளவு குறுகிய பயணத்தில் ஏறி முடித்த சிறிது நேரத்திற்கெல்லாம் இறங்கத் தொடங்க வேண்டியதாகிறது. சுழல் விசிறி பூண்ட ஏ.டி.ஆர். போன்ற சிறு விமானமாயின் அதன் வேகமே மணிக்கு 500 கிலோமீட்டர் அளவுதான்.

காற்றுக்கும் இதில் பங்குண்டு. விமானம் காற்றை எதிர்த்தே இறங்குவது முறை. சென்னையின் முதன்மை ஓடுபாதை ஏறக்குறையக் கிழக்கு மேற்காக அமைந்தது. கடற்காற்று வீசும்போது, தென்மேற்கிலிருந்து வரும் நம் விமானம் அதிகம் சுற்றாமல் இறங்கலாம். மேற்கிலிருந்து காற்று வீசினாலோ, நகரத்தைக் கடந்து கிழக்கே சென்று திரும்பி வரவேண்டும். சன்னல் வழியே சென்னையைக் கண்டபின்னும் விமானம் கடலை நோக்கிச் செல்வது கண்டு கலங்குவோர் உண்டு, கலங்க வேண்டுவதில்லை.

இனி, வீட்டு வாசற்கணக்கு. ஆரியசாலையிலிருந்து விமான நிலையம் சில கிலோமீட்டரே. ஆனால் புறப்பாட்டுக்கு ஏறத்தாழ ஒரு மணி முன்பே பயணிகள் பதிவு முடிந்துவிடும். நிலையத்தின் முனையங்களோ இரண்டு: ஒன்று சங்குமுகத்தில், மற்றொன்று ஓடுபாதைக்கு மறுபுறம் சாக்கையில். எதிலிருந்து புறப்பாடு என்று சீட்டைப் பாராது சென்றவர் ஊரைச் சுற்றி ஓட நேரும். சென்னையில் இறங்கியபின் மயிலாப்பூரோ பெரம்பூரோ சேர மேலும் ஒரு மணி வேண்டும். ஆக, காத்திருப்போரிடம் நாலரை மணி நேரம் என்று சொல்வதே நேர்மை. அதுவும் விமானம் உடனே கிடைத்தால். இரயிலுக்கு 16 மணி அளவாகும்.

ஆண்டில் இரு நாட்கள் இக்கணக்கும் செல்லாது. பங்குனி, ஐப்பசித் திருவிழாக்களின் நிறைவில் பத்மநாபசுவாமியின் ஆராட்டு ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்தே கடலுக்குச் செல்கிறது. அன்று மாலை சில மணி நேரம் நிலையம் மூடப்பட்டு, விமான நேரங்கள் மாற்றப்படும். அந்நாட்களில் புறப்படுவோர் முன்னதாக விசாரித்துக்கொள்க.