எகிறில் ரத்தம் வந்தால் பிரஷ்ஷை ஒதுக்காதீர்கள்

ஆழ்வார்குறிச்சித் தெருக்களில் மத்தியானம் நடந்து போனால், மடியில் பீடித்தட்டோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்க்கலாம். போன மாதம் அப்படி ஒரு திண்ணையில், எனக்கு மதினி முறையாகும் ஒருவர் இலையைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: “எகிறுல ரத்தம் வருதுன்னு ஆறு மாசமா அந்தப் பக்கம் பிரஷ்ஷயே கொண்டு போறதில்ல. வலியும் இல்ல, விட்டுட்டேன்.”

கையில் காலில் புண் என்றால் தொடாமல் விடுவது சரி. எகிறில் அப்படி விட்டால் நோய் வளரும். மதினியைப் போல எத்தனை பேர் இப்படி விட்டு வைத்திருக்கிறார்களோ என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

ஊத்தை, அதன்பின் காரை

பல் விளக்கிய சில மணி நேரத்திலேயே கிருமிகள் பல்லின் மேல் மெல்லிய படலமாக ஒட்டத் தொடங்கிவிடும். ஊத்தை என்கிறோமே, அதுதான். பல்லும் எகிறும் சேரும் ஓரத்தில் அது தங்கினால், கிருமிகளை எதிர்க்க உடம்பு அந்த இடத்துக்கு ரத்தத்தைக் கூடுதலாக அனுப்புகிறது. எகிறு சிவந்து, உப்பி, பிரஷ் பட்டாலே கசிகிறது. எகிறு ரத்தத்துக்கு மிகப் பொதுவான காரணம் இதுதான். துடைக்காத ஊத்தை எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு சில நாளில் காரையாக இறுகும். இறுகிய காரையைப் பிரஷ்ஷாலும் எடுக்க முடியாது, உமிக்கரியாலும் எடுக்க முடியாது.

டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற பல் ஆராய்ச்சியாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் 1965-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எகிறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் விளக்காமல் இருக்கச் சொன்னார்கள். 10 நாள் முதல் 21 நாளுக்குள் அத்தனை பேருக்கும் எகிறு அழற்சி வந்துவிட்டது. திரும்ப விளக்கத் தொடங்கி ஒரு வாரம் போல ஆனதும் ஆறிவிட்டது. இதைச் சொன்னதும் மதினியின் கை நின்றது. “அப்ப வெளக்குனா நிக்குமா?”

காரை ஏறாத நிலையில் அநேகமாக நிற்கும். மெல்லிய நாருள்ள பிரஷ்ஷை எகிறு ஓரமாகச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, காலையிலும் படுக்கப் போகும் முன்பும் இரண்டு நிமிடம் மெதுவாகத் தேய்க்க வேண்டும். முதல் சில நாள் ரத்தம் வரும். பயந்து நிறுத்தக் கூடாது. அதற்காக அழுத்தித் தேய்க்கவும் வேண்டாம். முரட்டு பிரஷ், செங்கல் பொடி, கரகரப்பான சாம்பல் எல்லாம் எகிறைக் கிழித்து, பல்லையும் தேய்த்துவிடும். இரண்டு வாரம் கழித்தும் ரத்தம் வந்தால் காரையை மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

சுத்தம் பண்ணினால் பல் ஆடுமா?

இந்தப் பயத்தில்தான் நம் ஆட்கள் பல்லையே இழக்கிறார்கள். நாள்பட்ட காரைக்கு அடியில், பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைகிறது. பல் அப்போதே பிடிமானம் இழந்திருக்கும். காரை பூச்சுப் போல அதை மறைத்து வைத்திருக்கும். எடுத்தபின் தெரிகிற ஆட்டம் முன்பே இருந்ததுதான். சில நாள் பல் கூசும், பிறகு அடங்கும். எலும்பு கரையும் முன் மருத்துவரிடம் போனால் இந்த ஆட்டத்துக்கே இடமில்லை.

ரத்தம் வராததும் நல்லதல்ல

பீடி குடிப்பவர்களுக்கு எகிறில் ரத்தம் குறைவாகவே வரும். புகையிலையிலுள்ள நிக்கோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதுதான் காரணம். மேலே எகிறு வெளிறி அமைதியாகத் தெரிய, உள்ளே எலும்பு வேகமாகக் கரையும். பீடியை விட்ட சில வாரத்தில் ரத்தம் தலைகாட்டினால், விட்டதால் கெட்டது என்று எண்ணித் திரும்பப் பற்ற வைக்காதீர்கள். மறைந்திருந்த நோய்தான் வெளியே தெரிகிறது. வெற்றிலையோடு புகையிலை அடக்குகிறவர்கள் வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருக்கிறதா என்று காட்டிவிட வேண்டும்.

உடம்பு சொல்லும் வேறு செய்திகள்

கர்ப்பக் காலத்தில் ஹார்மோன் மாற்றத்தால் கொஞ்ச ஊத்தைக்கே எகிறு வீங்கும். பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் தணியும். அந்தச் சமயத்தில் பல் சுத்தம் செய்துகொள்வதில் ஆபத்தில்லை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் எகிறு நோய் முற்றும், எகிறு நோய் முற்றினால் சர்க்கரையும் அடங்க மறுக்கும். இதயத்துக்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தம் எளிதில் கசியும். மாத்திரையைத் தானாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், வலிப்புக்கான ஃபெனிடோயின் ஆகியவை சிலருக்கு எகிறைத் தடிக்க வைக்கும்.

வைட்டமின் சி குறைந்தாலும் ரத்தம் வரும். ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் 1747-ல் கப்பலில், இந்தக் குறையால் வரும் ஸ்கர்வி நோய் கண்ட 12 மாலுமிகளைச் சோதித்தபோது, ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர்தான் வேகமாகத் தேறினார்கள். புளியங்குடி எலுமிச்சையும் நெல்லிக்காயும் கொய்யாவும் கைக்கெட்டும் நமக்கு அந்த அளவு குறை வருவது அரிது.

காய்ச்சலோடு வந்தால் அன்றைக்கே

2012-ல் கடையநல்லூர் வட்டாரத்தை டெங்கு ஆட்டிப் படைத்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. காய்ச்சலில் எகிறு ரத்தம் கசிவது அதன் எச்சரிக்கை அடையாளங்களில் ஒன்று. வலி மாத்திரை போட்டுக்கொண்டு வீட்டில் இருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சல் இல்லாமலே எகிறு உப்பி, முகம் வெளிறி, அடிபடாமல் உடம்பில் நீலத் திட்டுகள் தெரிந்தாலும் தாமதிக்காமல் ரத்தப் பரிசோதனை செய்துவிட வேண்டும். அரிதாக ரத்தப் புற்றுநோய் இப்படித் தொடங்கும்.

மதினிக்குக் காய்ச்சலும் இல்லை, திட்டும் இல்லை. கீழ்ப்பல்லின் உட்பக்கம் முழுக்கக் காரை. அடுத்த வாரம் செங்கோட்டை ரயிலில் தென்காசி அரசு மருத்துவமனைக்குப் போவதாக இருக்கிறோம். சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் போன தடவை எடுத்த சர்க்கரைச் சீட்டையும் பையில் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.